மூன்றாவது பாராசூட்

ஜூன் 2

இந்த டைரியில் ஜனவரி முதல் மே வரை ஓர் எழுத்தும் இல்லை. பற்பசைக் கம்பெனிக்காரர்கள் பல் டாக்டரான என் கணவர் தாணுவுக்குக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஈறுகளைப் பாதுகாப்பது பற்றி ஓர் அறிவுரை அச்சிட்டிருக்கிறது. கிளினிக்கில் சும்மா கிடந்ததை இன்று நான் எடுத்துக்கொண்டேன். எழுத விஷயம் இருக்கிறது.

என்னை இயக்குநராக்கிவிட்டார்கள். மனிதர்களை விண்வெளிக்கு அனுப்பும் திட்டத்துக்கு. தகவல் வந்தபோது மையத்தின் கேண்டீனில் ரசவடை தின்றுகொண்டிருந்தேன். தலைவரே போனில் கூப்பிட்டுச் சொன்னார். வாயில் வடை இருந்ததால் நான் ஒன்றும் பேசவில்லை. அதை அவர் நிதானம் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். "இந்த அமைதிதாம்மா இந்த வேலைக்கு வேணும்" என்றார்.

கோவில்பட்டியிலிருந்து வந்து, இருபத்திரண்டு வயதில் இங்கே வால்வுப் பிரிவில் சேர்ந்தேன். எரிபொருள் வால்வுகளில் சோப்புத் தண்ணீரைத் தடவி, எங்காவது குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது வேலை. இரண்டு வருடம் குமிழி பார்த்தேன். பிறகு எஞ்சின், பிறகு முழு ராக்கெட், அப்புறம் வரிசையாகச் செயற்கைக்கோள்கள். ஒருமுறை நாங்கள் ஏவிய ராக்கெட் கிளம்பிய வேகத்திலேயே கடலுக்குள் போனது. அன்று பிரிவில் எல்லோரும் அழுதார்கள். நான் வீட்டுக்கு வந்து கிரைண்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். என் சுபாவம் அப்படி. நான் எதற்கும் கலங்குவதில்லை.

சாயங்காலம் வடசேரியில் தாணுவின் கிளினிக்குக்கே போய்ச் சொன்னேன். ஒருவரின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தவர், இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, வாயைத் திறந்தபடி படுத்திருந்த அந்த மனிதரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "இயக்குநரம்மா, கேஸ் தீந்து போச்சு கேட்டியளா. புக் பண்ணணும்."

புக் செய்தேன்.

ஜூன் 6

விண்வெளி வீரர்கள் இருவரோடும் அரை நாள் இருந்தேன். மூன்று வருடமாகப் பயிற்சியில் இருப்பவர்கள். எனக்கு முன் இருந்த இயக்குநர் ஓய்வுபெற்றுப் போனதில் அவர்களுக்கு வருத்தம். புதிதாக வந்த மாமியாரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள்.

ஜெரோம் பர்னாந்து விமானப்படையில் சோதனை விமானி. சொந்த ஊர் தூத்துக்குடி, திரேஸ்புரம். அப்பா இல்லை. அம்மா அமலோற்பவம் கருவாட்டு வியாபாரம். நிவேதிதா பர்தலை ஒரு டாக்டர், அஸ்ஸாம்காரி. ஜெரோமிடமே தமிழ் கற்றுக்கொண்டதால் அசல் தூத்துக்குடிப் பேச்சு. கை கூப்பி, "சொகமா இருக்கியளா மேடம்?" என்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கு நான் ஏன் சிரிக்கிறேன் என்று தெரியவில்லை.

அவர்கள் போகப்போகும் கலத்துக்கு அரசு வைத்த பெயர் விஹங்கா. பயிற்சிக் கூடத்தில் அதைச் 'சட்டி' என்கிறார்கள். இரண்டு பேர் கால் மடக்கிப் படுக்கிற அளவுதான் உள்ளே. கலம் என்றாலும் பாத்திரம்தானே என்று நான் சொன்னபோது ஜெரோம் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தான்.

ஜூன் 15

உணவுச் சோதனை. மைசூரிலிருந்து பொட்டலம் பொட்டலமாக வந்திருந்தது. எலுமிச்சைச் சாதம் தேறியது. பருப்பு, பசைபோல் இருந்தாலும் தேறியது. உளுந்தங்கஞ்சியை நிவேதிதா இரண்டு பொட்டலம் குடித்தாள்.

ஜெரோமுக்கு மாசிக் கருவாடு வேண்டுமாம். மூடிய அறைக்குள் அந்த வாசனை வந்தால் நிவேதிதா கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவாள் என்றேன். மாலையில் அவன் அம்மாவே போன் செய்து, தான் சூரை மீனை அவித்துக் காயவைத்துச் செய்யும் மாசியில் வாசனையே வராது என்று வாதாடினார். இறுதியில் ஒரு துண்டு, காற்றுப் புகாத பொட்டலத்தில், ஜெரோமின் சொந்தச் சாமான்களோடு என்று முடிவானது. திட்ட இயக்குநராக நான் எடுத்த முதல் பெரிய முடிவு இது.

ஜூலை 3

போய்விட்டுத் திரும்பி வந்தது!

ஆளில்லாத சோதனைப் பயணம். ராக்கெட் எழும்பியது, கலம் பிரிந்தது, பூமியைச் சுற்றியது, நெருப்புக்குள் புகுந்து இறங்கியது, வங்காள விரிகுடாவில் சொன்ன இடத்தில் விழுந்தது. கட்டுப்பாட்டு அறையில் ஒருவரை ஒருவர் தூக்கிச் சுற்றினார்கள். என்னையும் யாரோ தூக்கினார்கள். என் எடைக்கு அது சாதாரண காரியமில்லை.

கீழே இறங்கும்போது மூன்று பெரிய பாராசூட்டுகளில் ஒன்று கொஞ்சம் தாமதமாக விரிந்தது. கலம் இறங்க இரண்டு போதும்.

ஜூலை 4

இரண்டு போதும் என்பதற்கான காரணங்கள்: வடிவமைப்பே அப்படித்தான். மூன்றாவது உபரி. அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். தாமதமாக விரிந்தாலும் கடைசியில் விரிந்தது. கலம் விழுந்த வேகம் அனுமதித்த அளவுக்கும் குறைவு. பாராசூட் பிரிவின் தலைவர் கசாலி இருபது வருட அனுபவஸ்தர், அவருக்கே கவலையில்லை. எனவே எனக்கும் இல்லை.

மிக்ஸி ஓடவில்லை. முழுக்கக் கழற்றித் துடைத்து மாட்டினேன். அப்போதும் ஓடவில்லை. தாணு வந்து பிளக்கைச் சொருகினார்.

ஜூலை 12

ஆய்வுக் கூட்டம். எல்லாப் பிரிவுகளும் சம்மதம். செப்டம்பரில் இருவரையும் அனுப்புவது என்று முடிவு. நானும் கையெழுத்துப் போட்டேன். தலைவர் அறிவித்த சற்று நேரத்தில் டிவியில் வந்துவிட்டது. திரேஸ்புரத்தில் வெடி போட்டார்களாம்.

ஜன்னல் கொசுவலைகளைக் கழற்றிக் கழுவினேன்.

ஜூலை 20

சாரல் தொடங்கிவிட்டது. குடை வாங்க வடசேரிக்குப் போனேன். கடைக்காரர் ஒன்றை விரித்துக் காட்டினார், படீரென்று விரிந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பாதியில் நின்று, அவர் ஒரு உதறு உதறியதும் விரிந்தது. ஏன் நின்றது என்று கேட்டேன். "தெரியலம்மா. இது வேண்டாம்னா வேற எடுத்துக்கிடுங்க" என்றார்.

மற்ற இரண்டையும் திரும்ப விரிக்கச் சொன்னேன். விரித்தார். இன்னொரு முறை என்றேன். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார்.

குடை வாங்காமல் நனைந்துகொண்டே வந்தேன்.

ஜூலை 28

காலையில் தலைவரின் அறைக்குப் போய், என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். கசாலியையும் வரவழைத்தார். நல்ல மனிதர் தலைவர். கத்தவில்லை. இரண்டு போதும் என்று நானே எழுதிய பக்கத்தை எடுத்து எனக்கே வாசித்துக் காட்டினார்.

நான் சொன்னது இது: "சார், ஒண்ணு ஏன் தாமதமாச்சுன்னு நமக்குத் தெரியல. அப்போ மத்த ரெண்டும் ஏன் சரியா விரிஞ்சதுன்னும் நமக்குத் தெரியாது. மூணும் ஒரே துணி, ஒரே மடிப்பு, ஒரே பை. காரணம் தெரியுற வரைக்கும் அந்தப் பிள்ளைங்கள ஏத்த மாட்டேன்."

பிள்ளைகள் என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஜெரோமுக்கு முப்பத்தெட்டு வயது. அறிக்கைகளில் நாங்கள் 'பயணக் குழுவினர்' என்றுதான் எழுதுவோம்.

கசாலியின் முகம் சிவந்துவிட்டது. தன் இருபது வருட வேலையை ஒரு வாக்கியத்தில் சந்தேகப்பட்டுவிட்டேன் என்று சொல்லி எழுந்து போனார். தலைவர் அந்தப் பக்கத்தைக் கோப்புக்குள் திரும்ப வைத்தார். டெல்லிக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். "உங்களுக்கு இதனால என்ன ஆகும்னு தெரியும்லம்மா?" என்றார். தெரியும் என்றேன்.

ஜூலை 29

பயிற்சிக் கூடத்துக்கு நானே போய், பயணம் தள்ளிப்போகிறது என்று சொன்னேன். நீச்சல் குளத்தில் கலம் கவிழ்ந்தால் வெளியேறும் பயிற்சி முடித்து, இருவரும் சொட்டச் சொட்ட நின்றார்கள்.  ஜெரோம் துண்டால் முகத்தை ரொம்ப நேரம் துடைத்தான்.

"எங்களுக்குப் பயம் இல்ல மேடம்" என்றான். "பயம் உங்களுக்குத்தான்."

இயக்குநருக்குப் பயம் என்ற பேச்சுக்கே இடமில்லை, இது தொழில்நுட்பக் காரணம் என்று விளக்கினேன். அவன் கேட்காமல் உடை மாற்றப் போய்விட்டான்.

ஆகஸ்ட் 3

துணி துவைத்தேன். திரைச்சீலைகளும். தாணு உடுத்தியிருந்தது தவிர எல்லாம்.

ஆகஸ்ட் 11

பேப்பரில் போட்டுவிட்டார்கள். 'பெண் இயக்குநர் தயங்குகிறார்' என்று ஒரு தலைப்பு. எனக்குப் பதில் வேறொருவரை நியமிக்கலாமா என்று டெல்லியில் ஒரு குழு யோசிக்கிறதாம். தலைவர் அதை என்னிடமிருந்து மறைக்கவில்லை. ஆனால் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை எனக்கு அவகாசம் வாங்கித் தந்திருக்கிறார்.

பேப்பரைத் தாணு வாசித்துவிட்டு மடித்து வைத்தார். "நாப்பது வயசு ஆளு நாலு வாட்டி எங்கிட்ட நாற்காலில வந்து உக்காந்துட்டு எந்திச்சு ஓடுவான். அதுக்குப் பேருதான் தயக்கம்" என்றார். "நீ செய்ததுக்குப் பேரு வேற."

என்ன பேர் என்று கேட்டேன். அவர் வாழைக்காய் வறுவலுக்கு எண்ணெய் வைக்கப் போனார். நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 17

நிவேதிதா வீட்டுக்கு வந்தாள். தனியாக, ஆட்டோவில். சொல்லாமல் கொள்ளாமல் வந்து அவியலும் சோறும் சாப்பிட்டாள். அவளுடைய அம்மா ஜோர்ஹாட்டில் தேயிலை ஆராய்ச்சி செய்கிறவர் என்றும், மகள் விண்வெளிக்குப் போவதை, டிவியில் வந்த பிறகும், உறவினர்களிடம் ஒப்புக்கொள்ளவில்லை என்றும் சொன்னாள். சொன்னால் எல்லோரும் அழுவார்களாம். 'ஏதோ ட்ரெயினிங்' என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார்.

புறப்படும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "ஜெரோம் கோவத்துல இருக்கான் மேடம். நான் இல்ல. எங்கம்மாட்ட ஒங்களப் பத்திச் சொன்னேன். நல்லாத் தூங்குனாங்களாம்" என்றாள்.

ஆகஸ்ட் 24

கசாலி ஒரு மாதமாக என்னிடம் 'ஆம்', 'இல்லை' தவிர எதுவும் பேசவில்லை. இன்று அவரே வந்தார். கையில் தேநீர்க் கோப்பை இரண்டு. ஒன்றை என் முன் வைத்தார்.

என் மேல் உள்ள கோபத்தில், பாராசூட்டில் குறையே இல்லை என்று நிரூபிக்கத்தான் சோதனைகளைத் தொடங்கினாராம். துணி சரி, கயிறு சரி, தையல் சரி, மடிப்பு சரி. எல்லாவற்றையும் நிரூபித்து முடித்த பிறகு அவருக்கே தூக்கம் போய்விட்டது. எல்லாம் சரியாக இருந்தும் ஒன்று தாமதமாகியிருக்கிறது என்றால், தான் இன்னும் பார்க்காத ஏதோ ஒன்று இருக்கிறது. "நீங்க சொன்னது அன்னைக்கு எனக்கு ஏச்சாப் பட்டுச்சு மேடம். இப்போ கேள்வியாப் படுது" என்றார் கசாலி. காயல்பட்டினத்துக்காரர்.

தேநீரில் சர்க்கரை அதிகம். முழுக்கக் குடித்தேன்.

செப்டம்பர் 9

ஜெரோமுக்குப் பல் வலி. பறக்கப் போகிறவர்களுக்குப் பல்லுக்குள் சின்ன ஓட்டை இருந்தாலும் ஆபத்து. மேலே அழுத்தம் மாறும்போது உள்ளே அடைபட்ட காற்று உயிரை வாங்கிவிடும். மையத்து மருத்துவர், ஊரிலேயே கைநயம் உள்ளவர் என்று தாணுவிடமே அனுப்பிவிட்டார்.

மாலையில் ஜெரோம் நேராக என் அலுவலகத்துக்கு வந்தான். கன்னம் மரத்து, பேச்சு ஒரு பக்கமாக வந்தது. எதிரே நின்று என் காலையே பார்த்தான்.

"டாக்டர் சார் எம் வாய்ல கைய விட்டுட்டு ஒரு விசயம் சொன்னாங்க" என்றான். "பதில் பேச முடியாதுல்லா. ரெண்டு மாசமா நீங்க ரெண்டு கால்லயும் வேற வேற செருப்பு போட்டுட்டுப் போறீங்களாம். ஒங்களுக்கே தெரியாதாம். அவங்களும் சொல்லலியாம்."

குனிந்து பார்த்தேன். இடது காலில் பழுப்பு, வலது காலில் கறுப்பு. இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை, வார் ஒரே மாதிரி இருக்கும். யாருக்கும் நேரக்கூடிய தவறு. அதை அவனுக்கு விளக்கினேன்.

இந்த முறை கடைசிவரை கேட்டான். பிறகு, அன்றைக்குப் பேசியது தப்பு என்றும், ஆனால் காரணம் கண்டுபிடித்ததும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்றும் சொன்னான். கண்டுபிடித்தால் முதல் போன் உனக்குத்தான் என்றேன்.

செப்டம்பர் 26

கண்டுபிடித்துவிட்டோம்!

கசாலியின் ஆட்கள்தான். பாராசூட்டை அழுத்தி அழுத்திப் பைக்குள் திணித்து, கலத்தில் பூட்டுவார்கள். சோதனைப் பயணத்துக்கு முன் மழையால் ஏவுதல் தள்ளிப்போய், கலத்தில் பூட்ட வேண்டிய பைகள் கடற்கரைக் கிடங்கில் உப்புக் காற்றில் பல நாள் காத்திருந்தன. ஒரு பை கதவோரம். அதில் ஈரம் இறங்கியிருக்கிறது. தொட்டுப் பார்த்தால் தெரியாத அளவு ஈரம். மேலே குளிரில் அது உறைந்து, மடிப்புகளை ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது.

இன்று ஒரு பையை உப்புக் காற்றில் ஊறவைத்து, குளிர் அறையில் வைத்து எடுத்து இழுத்துப் பார்த்தார்கள். முதல் சில மடிப்புகள் வந்தன. பிறகு பலகைபோல் நின்றுவிட்டது. கசாலி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் கையால் தொட்டேன். துணிக்குள் நறநறவென்று பனி.

எல்லாப் பைகளும் கதவோரம் இருந்திருந்தால் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கசாலி மட்டும் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

ஜெரோமுக்குப் போன் செய்தேன். காரணத்தை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டான். பிறகு, "அப்போ வேலைய ஆரம்பிங்க மேடம்" என்றான். தலைவருக்கு இரண்டாவதாகத்தான் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. டெல்லிக் குழு இனிமேல் கூட வேண்டியதில்லை என்றார்.

நவம்பர் 21

புதிய பை. ஈரம் புகாத உறை, உள்ளே உலர்காற்று, ஏவும் வரை பூட்டிய பெட்டி. இன்று ஆறாவது முறையாக, கலத்தின் எடையுள்ள இரும்புக் குண்டைப் பெரிய விமானத்திலிருந்து தள்ளினார்கள். வேண்டுமென்றே எல்லாப் பைகளையும் ஈரக் காற்றில் போட்டு, குளிரூட்டி எடுத்திருந்தார்கள்.

பொட்டல் காட்டில் நின்று அண்ணாந்து பார்த்தோம். ஒரு புள்ளி. பிறகு ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒன்று, இரண்டு, மூன்று, கிட்டத்தட்ட ஒரே மூச்சில். ஜெரோமும் நிவேதிதாவும் கைகோத்துக்கொண்டு குதித்தார்கள். கசாலி வீட்டிலிருந்து தங்கள் ஊர் இனிப்பான வட்டிலப்பம் கொண்டுவந்திருந்தார். விரியாமல் போயிருந்தால் அதை என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். "நானே தின்னுருப்பேன், துக்கத்துல" என்றார்.

ஜனவரி 5

புது வருட டைரி ஒன்றும் வரவில்லை. பற்பசைக் கம்பெனி இந்த முறை கைக்கடிகாரம் கொடுத்துவிட்டது. இதிலேயே ஜனவரி பக்கங்கள் காலியாகத்தானே கிடக்கின்றன. கிழமையை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

பிப்ரவரியில் பயணம். எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. நானும் போட்டேன், ஒருமுறைதான்.

வீட்டில் சுத்தம் செய்ய எதுவும் மிச்சமில்லை.

பிப்ரவரி 10

விடிந்ததும் நல்ல வெயில், காற்று அடங்கியிருந்தது. ஒவ்வொரு பிரிவாக நான் கேட்டேன், ஒவ்வொருவராக 'தயார்' என்றார்கள். கசாலியின் முறை வந்தபோது அவர் எழுந்து நின்றே சொன்னார். யாரும் எழுந்து நிற்பது வழக்கமில்லை. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் தயார் என்றேன்.

கலத்திலிருந்து ஜெரோம், "சட்டி ரெடி மேடம்" என்றான். நாடு முழுக்க நேரலையில் கேட்டிருக்கிறது. அமைச்சர் பக்கத்தில் இருந்தவரிடம் சட்டி என்றால் என்ன என்று விசாரித்தாராம்.

கிளம்பியது. தரை அதிர்ந்து, அது மார்புக்குள் ஏறி, பல்லில் முடிந்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ ராக்கெட் பார்த்தாயிற்று. ஒவ்வொரு முறையும் திரையில் எண்களைத்தான் பார்ப்பேன். இன்று இரண்டு முகங்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுத்தத்தில் நிவேதிதாவின் கன்னம் பின்னுக்குப் போயிருந்தது. எஞ்சின் நின்றதும் அவள் கழுத்துச் சங்கிலி மெல்ல மேலே மிதந்து வந்து மூக்கருகே நின்றது. அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பிப்ரவரி 12

குடும்பத்தாரோடு பேசும் நேரம். நிவேதிதாவின் அம்மா ஜோர்ஹாட்டிலிருந்து திரையில் வந்தார். உறவினர்கள் முப்பது பேர் அவர் பின்னால் அடைந்து நின்றார்கள். ஒருவரும் அழவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியதில் நிவேதிதாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அமலோற்பவத்தம்மாளை இங்கேயே அழைத்து வந்திருந்தோம். ஒலிவாங்கியை எப்படிப் பிடிப்பது என்று நான் சொல்லிக்கொடுத்தேன். முதலில் மகனை மேலும் கீழும் பார்த்தார். அவன் தலைகீழாக மிதந்தான். நேராக நில் என்றார். அவன் நேரானான்.

"ஏல ஜெரோம், கீழ மேகம் எதுவும் கெடக்கா?" என்று கேட்டார். "வீட்டு முத்தத்துல கருவாடு காயப் போட்டுட்டு வந்துட்டேன்."

அவன் ஜன்னலுக்குப் போனான். அப்போது அவர்கள் எங்கள் கரைக்கு மேலேதான் வந்துகொண்டிருந்தார்கள். ராமேஸ்வரத்திலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் துடைத்துவிட்டாற்போல் இருக்கிறது, ஒரு பொட்டு மேகமில்லை, தைரியமாகக் காயட்டும் என்றான். அம்மாவுக்கு நிம்மதி. வேறு ஒன்றும் கேட்கத் தோன்றாமல் ஒலிவாங்கியை என்னிடம் கொடுத்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டார். வானிலை மையத்துக்காரர்கள்தான் கொஞ்சம் சங்கடப்பட்டார்கள். அவர்களும் அதையேதான் காலையில் சொல்லியிருந்தார்கள்.

பிப்ரவரி 14

இறங்கும் நாள்.

கலம் காற்றுமண்டலத்தில் புகுந்ததும் சுற்றிலும் நெருப்பாகிவிடும். அப்போது ரேடியோ வேலை செய்யாது. சில நிமிடம் அவர்கள் குரல் வராது. அது எங்களுக்குத் தெரியும், எதிர்பார்த்ததுதான். அந்த நேரத்தில் நான் முற்றிலும் அமைதியாக இருந்தேன் என்பதை இங்கே பதிவுசெய்கிறேன். பக்கத்தில் இருந்த கசாலி தன் மணிக்கட்டில் என் நகம் பதிந்த தடங்களைப் பிறகு எல்லோரிடமும் காட்டினார். அது அவருடைய மிகைப்படுத்தல்.

முதலில் இரைச்சல். அப்புறம் நிவேதிதாவின் குரல்: "கேக்குதா? நாங்க இங்கனதான் இருக்கோம்."

சிறிய பாராசூட்டுகள் வந்தன. பிறகு பெரியவை. ஒன்று. இரண்டு. மூன்று. கப்பலிலிருந்து எடுத்த படத்தில் நீல வானத்தில் மூன்று பூக்கள். அறை அதிர்ந்தது. கசாலி மட்டும் கத்தவில்லை. திரையருகே போய், மூன்றையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

கலம் தண்ணீரைத் தொட்டு, கவிழ்ந்து, நிமிர்ந்தது. கடற்படை வீரர்கள் கதவைத் திறந்தபோது ஜெரோம் முதலில் தலையை நீட்டி, கடலுக்குள் வாந்தி எடுத்தான். திரேஸ்புரத்துக்காரனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. அதுவும் நேரலைதான். அமலோற்பவத்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். தலைவர் என்னிடம் வந்து கையைப் பிடித்தார். எதுவும் சொல்லவில்லை. அவர் வாயிலும் வடை இருந்ததா என்று கேட்க நினைத்தேன்.

பிப்ரவரி 15

காலையில் கப்பல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்தது. வெளியே கூட்டம், மேளம். வரவேற்புக்கு முன் நான் அவர்களிடம் அதிகாரப்பூர்வமாகச் சில கேள்விகள் கேட்டாக வேண்டும். ஏறிப் போனேன்.

கப்பலின் மருத்துவ அறையில் அடுத்தடுத்த கட்டிலில் இருவரும் படுத்திருந்தார்கள். இன்னும் நேராக நடக்கவில்லை. நிவேதிதா தண்ணீர்க் குவளையைக் காற்றில் விட்டுவிட்டு, அது விழுந்து உடைந்ததை ஆச்சரியமாகப் பார்த்தாளாம். சுகம் விசாரித்துவிட்டு முதல் கேள்வியைக் கேட்டேன்: கலத்தில் எதை மாற்ற வேண்டும்?

நல்ல வார்த்தை நாலு சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார்கள் என்று நினைத்தேன்.

"எழுதிக்கோங்க மேடம்" என்றான் ஜெரோம். வலது தோள் வாரின் கொக்கி உரசுகிறது, தோல் உரிந்துவிட்டது. சட்டையை இறக்கிக் காட்டினான். நிவேதிதா அவனைப் பேசவிடவில்லை. காற்றாடி அவள் காதோரம் கொசு மாதிரி இரைகிறதாம். தண்ணீர்க் குழாயைத் திறந்தால் முதல் பீச்சல் நேராக மூக்குக்குள். விளக்கின் சுவிட்ச் முழங்கை படுகிற இடத்தில் இருப்பதால், அவள் புரண்டால் அவன் விழித்துக்கொள்கிறான். ஜன்னல் தாழ்வு, குனிந்து குனிந்து கழுத்து போய்விட்டது. எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைக் கடித்துத்தான் கிழிக்க வேண்டியிருக்கிறது, பருக்கைகள் நான்கு நாளும் கூடவே மிதந்து வந்தன. கழிப்பறையைப் பற்றித் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும் என்றான் ஜெரோம். ஆமாம், கதவைச் சாத்திவிட்டு என்றாள் நிவேதிதா. பிறகு எந்தக் குறையை யார் முதலில் கவனித்தது என்று இருவரும் சண்டை போடத் தொடங்கினார்கள்.

நான் எழுதிக்கொண்டே இருந்தேன். எத்தனையோ செயற்கைக்கோள்களை அனுப்பியிருக்கிறேன். அவை மின்னழுத்தம் சொல்லும், வெப்பநிலை சொல்லும். தோள் வலிக்கிறது என்று எதுவும் சொன்னதில்லை. சோற்றுப் பருக்கை பற்றிப் புகார் செய்ய எதுவும் திரும்பி வந்ததில்லை.

எழுத்து கொஞ்சம் கலைந்துவிட்டது. நிவேதிதா சண்டையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "மேடம், அழுதியளா?"

கப்பல் ஆடுகிறது, எழுத முடியவில்லை என்றேன்.

"கப்பல கட்டித்தான் போட்டிருக்கு மேடம்" என்றாள்.

வேறு குறை உண்டா என்று கேட்டேன். ஜெரோம் தலையணையில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, நெடுநேரம் யோசித்தான். தூங்கிவிட்டான் என்றே நினைத்தேன்.

"இருக்கு" என்றான். "ரொம்ப சீக்கிரம் எறக்கிட்டீங்க."

அதையும் எழுதிக்கொண்டேன்.